பழைய காரின் இருக்கையும் நம் தோட்டத்துப் பாலும்



ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் மறக்க முடியாத காட்சி ஒன்று உண்டு. முற்பகல் வேளை. வெட்டு முடிந்து, பால் வாளிகளைத் தோளில் சுமந்தபடி ஆணும் பெண்ணும் பால் கொட்டகைக்கு வந்து சேர்வார்கள். கிராணியார் அளந்து பார்த்து ஏட்டில் குறித்துக்கொள்வார். ஒரு பகுதிப் பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ஷீட்டாக உருட்டிப் புகைக்கூண்டில் ஏற்றுவார்கள். இன்னொரு பகுதியில் அமோனியாவைக் கலந்து, உறைந்து போகாமல் பாலாகவே தொட்டி லாரியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். கண்ணைக் கரிக்கும் அந்த அமோனியா நெடி இன்றும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

அந்த லாரி எங்கே போயிற்று? கப்பலேறிய பால் என்னவாயிற்று? விடியுமுன் எழுந்து, கொசுக்கடியில் மரம் மரமாக நடந்து, அந்தப் பாலைச் சேர்த்த நம் தாயும் தந்தையும் பாட்டியும் அதைக் கண்ணால் கண்டதில்லை. ஷீட் டயராயிற்று என்பது எல்லாருக்கும் தெரியும். பாலாகவே போன பால் என்னவாயிற்று? அதற்குப் பல விடைகள் உண்டு. அவற்றுள் ஒன்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம். அந்த விடை இங்கிலாந்து நாட்டில், ஒரு பழைய காரின் இருக்கைக்குள் இருக்கிறது.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு நகருக்குத் தெற்கே ஆபிங்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்த தொழிற்சாலையில் 1962ஆம் ஆண்டு முதல் 1980ஆம் ஆண்டு வரை எம்.ஜி.பி. என்ற கார் செய்யப்பட்டது. எம்.ஜி. என்பது மோரிஸ் கராஜஸ் என்ற பெயரின் சுருக்கம். இருவர் அமரக்கூடிய, தாழ்வான, கூரையை மடக்கி வைத்துக் காற்று வாங்கிக்கொண்டே ஓட்டக்கூடிய கார் அது. இத்தகைய காரைத்தான் ஸ்போர்ட்ஸ் கார் என்கிறார்கள். எம்.ஜி.பி. வரிசையில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டன. பெரும்பகுதி கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போயிற்று. தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் அந்தக் கார்களைக் கண்ணும் கருத்துமாகப் பேணுவோர் இன்றும் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

அத்தகைய காரை வாங்கியவர் முதலில் பார்ப்பது எஞ்சினை. பிறகு தகரத்தில் துரு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். கடைசியில்தான் இருக்கையின் நினைவு வரும். ஆனால் ஓட்டுநரின் உடல் எப்போதும் தொட்டுக்கொண்டிருப்பது எதை? எஞ்சினையா? இல்லை, இருக்கையைத்தான். இருக்கை அமிழ்ந்துபோனால் முதுகு வலிக்கும்; சாலை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது; மிதிகட்டைகளுக்குக் கால் ஒழுங்காக எட்டாது. ஆகவே இருக்கையைப் புதுப்பிப்பது அழகுக்காக மட்டும் செய்யும் வேலை அன்று.

அந்த இருக்கைக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்போமா?

அடியில் எஃகுச் சட்டம். சட்டத்தின் குறுக்கே இழுத்துக் கட்டிய ரப்பர் நாடாக்கள். சில ஆண்டுகளில் வந்த இருக்கைகளில் நாடாவுக்குப் பதில் ஒரே விரிப்பாக ரப்பர்த் தகடு. அதன்மேல் மெத்தை. மெத்தையின் மேல் உறை. தொடக்க ஆண்டுகளில் வந்த எம்.ஜி.பி. கார்களில், உடம்பு படும் முகப்பு மட்டும் உண்மையான தோல். பக்கங்களும் பின்புறமும் தோலைப் போலத் தோன்றும் வினைல் துணி. தையல் ஓரங்களில் கயிறு வைத்துத் தைத்த கரை ஓடும். அதைப் பைப்பிங் என்பார்கள். பிற்காலத்தில் தோல் போய் முழு வினைல் வந்தது. கடைசி ஆண்டுகளில் கோடு போட்ட துணியும் வந்தது.

எலும்பு எஃகு, மேல்தோல் மாட்டுத்தோல், நடுவிலே இருக்கும் சதை முழுவதும் ரப்பர். நம் பால் இங்கேதான் வருகிறது.

அதற்கு முந்தைய காலத்துக் கார் இருக்கைகளில் கம்பிச் சுருளும் குதிரை மயிரும் திணித்திருப்பார்கள். 1929ஆம் ஆண்டு பர்மிங்ஹாம் நகரத்து டன்லப் ஆய்வுக்கூடத்தில் ஈ. ஏ. மர்ஃபி என்பவரும் அவருடைய தோழர்களும் ரப்பர்ப் பாலை நுரைக்க அடித்து, அந்த நுரையை அப்படியே கட்டியாக்க வழி கண்டார்கள். கேக்குக்கு மாவு அடிக்கும் கருவியைக்கொண்டே முதலில் அடித்துப் பார்த்தார்கள் என்று சொல்வார்கள். டன்லப்பில்லோ என்ற பெயரில் உலகெங்கும் பரவிய மெத்தை இப்படித்தான் பிறந்தது.

செய்முறை நமக்குப் புரியக்கூடியதே. மரத்திலிருந்து இறங்கும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் விட்டுத் தண்ணீரைப் பிரித்தெடுத்தால் 60 விழுக்காடு ரப்பர் உள்ள கெட்டிப்பால் கிடைக்கும். அதனுடன் சோப்பும் கந்தகமும் வேறு சில மருந்துகளும் சேர்த்து நுரைக்க அடிப்பார்கள். நுரை அடங்குமுன் அதை உறையச் செய்யும் மருந்தைக் கலந்து அச்சில் ஊற்றி, நீராவியில் வேக வைப்பார்கள். பிறகு அச்சிலிருந்து எடுத்து, கழுவி, உலர்த்தினால் மெத்தை தயார். இட்லி மாவும் இட்லித் தட்டும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? அச்சிலே வரிசையாக முளைகள் இருக்கும். அதனால் மெத்தையின் அடிப்புறத்தில் குழி குழியாக விழும். எடையும் குறையும்; ரப்பரும் மிச்சமாகும்; வெப்பம் உள்ளே வரை போய் நன்றாக வேகவும் செய்யும்.

அந்தக் காலத்தில் உலகிலேயே மிகுதியாக இயற்கை ரப்பர் விளைவித்த நாடுகளில் மலாயா முன்னணியில் இருந்தது. பாலை அமோனியாவில் காத்துக் கப்பலேற்றுவதிலும் நம் தோட்டங்கள் பேர்பெற்றவை. எந்தக் காரின் மெத்தையில் எந்தத் தோட்டத்துப் பால் இருக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் இங்கிலாந்தின் மெத்தைத் தொழிலுக்கு நம் மரங்களும் பாலூட்டின என்பது உறுதி.

சரி, அந்த மெத்தை ஏன் கெட்டுப்போகிறது?

நம் வீட்டு அலமாரியில் நெடுநாள் கிடந்த ரப்பர் வளையத்தை எடுத்து இழுத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டும், அல்லது பொடுக்கென்று முறியும். காற்றிலுள்ள பிராணவாயு ரப்பரின் நீண்ட இழைகளைச் சிறுகச் சிறுக அறுத்துவிடுகிறது. வெயிலும் சூடும் அந்த வேலையை விரைவுபடுத்துகின்றன. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதி வலுவிழக்கும். செம்புத் துருவும் அதற்குப் பகை. கெட்டியான டயரில் காற்றின் தாக்குதல் மேற்புறத்தில்தான் முதலில் தெரியும். மெத்தையோ நுரை, அதன் ஒவ்வொரு சுவரும் காகிதத்திலும் மெல்லியது, எங்கும் காற்று நிறைந்தது. எனவே சில பத்தாண்டுகள் கழித்துத் தொட்டால், பழைய மெத்தை மஞ்சள் பொடியாக உதிர்கிறது. நாடாக்களும் தொய்ந்து, வெடித்து, அறுந்து தொங்குகின்றன.

வெளியே பார்த்தால் தோல் நன்றாக இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. இதைச் சீர்செய்யும் முறையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் வேலை கழற்றுவது அன்று, பார்ப்பது. இருக்கை காரில் இருக்கும்போதே நாலா பக்கமும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். தையல் எங்கே தொடங்குகிறது, பைப்பிங் எந்த மூலையில் முடிகிறது, உறை சட்டத்தில் எந்த இடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது என்பவற்றையெல்லாம் தாளில் குறிக்க வேண்டும். பிறகு இருக்கையை முன்னும் பின்னும் தள்ளி, அது ஓடும் தண்டவாளத்தின் போல்ட்டுகளைக் கண்டுபிடித்துக் கழற்ற வேண்டும். துருப்பிடித்த போல்ட்டில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டுவிடுவது நல்லது. பலங்கொண்ட மட்டும் திருகினால் போல்ட்டின் தலை அறுந்து கையில் வந்துவிடும். பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் சொன்னதல்லவா?

எம்.ஜி.பி.யில் அந்தத் தண்டவாளத்தின் கீழே மரத்துண்டுகள் இருக்கும். அவற்றை விறகென்று எண்ணி வீசிவிடக் கூடாது. இருக்கையின் உயரம் அவற்றைப் பொறுத்தது. நனைந்து உளுத்திருந்தால் அதே கனத்தில் புதிய துண்டு வெட்டிப் போட வேண்டும்.

உறையைக் கழற்றும்போதுதான் பொறுமை தேவை. சில இடங்களில் இரும்புக் கிளிப்புகள் பிடித்திருக்கும். சில இடங்களில் பசை ஒட்டியிருக்கும். பழைய மெத்தை பொடியாக உதிருமாதலால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்ய வேண்டும். கழற்றிய எதையும் உடனே எறியக் கூடாது. கிழிந்த உறைதான் புதிய உறைக்கு அளவு. உதிர்ந்த மெத்தைதான் புதிய மெத்தைக்கு வடிவம்.

இதை நாம் ஒரு குஷன் கடையில் நேரில் கண்டிருக்கிறோம். லாரி இருக்கை ஒன்று வேலைக்கு வந்திருந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் சுறுசுறுப்பானவன். இடத்தைத் துப்புரவாக்குகிறேன் என்று பழைய உறையையும் மெத்தையையும் குப்பை வண்டியில் போட்டுவிட்டான். மறுநாள் வெட்டுவதற்கு அளவு இல்லை. கடைக்கார அண்ணன் அவனை அடிக்கவுமில்லை, வையவுமில்லை. "தம்பி, நீ வீசினது குப்பை இல்லைடா, இந்த வேலைக்குப் பாடப் புத்தகம்" என்றார். இருவரும் சேர்ந்து வேறொரு லாரியைத் தேடிப் போய் அளவெடுத்து வந்தார்கள். அந்தப் பையன் பிறகு எதையும் எறியவில்லை.

இனி சட்டம். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டி, வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, வெடித்த இடத்தைப் பற்ற வைத்து, துருத் தடுப்புச் சாயமும் அதன்மேல் கறுப்புச் சாயமும் பூச வேண்டும். இந்த வேலையை யாரும் பார்க்கப் போவதில்லை, உறைக்குள் மறைந்துவிடும். ஆயினும் இதைச் செய்யாமல் விட்டால், மேலே செய்யும் எல்லாம் வீண்.

அடுத்தது நாடா. இந்த ரப்பர் நாடாவை இத்தாலி நாட்டுப் பிரெல்லி நிறுவனம் பெயர்பெறச் செய்தது. ரப்பருக்கு நடுவே நூலிழைகளைச் சாய்வாக வைத்துச் செய்திருப்பதால், இழுத்தால் ஓரளவு நீண்டு, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். இடைவெளியின் நீளத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைக் குறைத்து நாடாவை வெட்டி, இழுத்து மாட்டுவது வழக்கம். எல்லா நாடாவுக்கும் ஒரே இழுப்பு வேண்டும். ஒன்று இறுகி ஒன்று தொய்ந்தால், உட்காருபவர் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவார்.

மெத்தைக்கு இரண்டு வழி உண்டு. 1950களுக்குப் பிறகு பாலியூரித்தேன் என்ற இரசாயன நுரை பரவியது. விலை மலிவு, செய்வதும் எளிது. அது வந்த பிறகுதான் கார் இருக்கைகளிலிருந்து நம் ரப்பர் நுரை மெல்ல மெல்ல வெளியேறியது. இன்று பெரும்பாலோர் இந்த நுரையையே போடுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் பழைய இருக்கையில் உட்காரும் அந்த உணர்வு அப்படியே வேண்டும் என்பவர்கள் ரப்பர் நுரையையே தேடிப் போடுகிறார்கள். எதைப் போட்டாலும் அளவு மாறக் கூடாது. மிகையாகத் திணித்தால் தையல் பிளக்கும். ஓட்டுநரின் தலை கண்ணாடிச் சட்டத்துக்கு மேலே போகும்.

கடைசியாக உறை. தோல் பிழைக்குமானால் அதைக் காப்பாற்றுவதே சிறப்பு. புதிய உறை பணம் கொடுத்தால் கிடைக்கும். ஐம்பது அறுபது ஆண்டு மனிதர் உட்கார்ந்து மெருகேறிய தோல் எந்தக் கடையிலும் கிடைக்காது. மென்மையான சோப்பைத் துணியில் தொட்டு, ஈரம் மிகாமல் துடைத்து, நிழலில் உலர்த்தி, தோலுக்கென்று உள்ள களிம்பை மெல்லப் பூச வேண்டும். நம்மில் சிலர் எதற்கெடுத்தாலும் தேங்காய் எண்ணெயைத் தடவுவோம். இங்கே அது கூடாது. எண்ணெய் தோலுக்குள் ஊறி, தையலில் இறங்கி, கீழே உள்ள ரப்பரைக் கெடுக்கும். சிறு கிழிசலுக்கு உட்புறமாக ஒட்டுப்போட்டு, மேலே சாயம் பொருத்தலாம். நூல் இற்றுப்போயிருந்தால், பழைய ஊசித் துளைகளிலேயே புதிய நூலைக் கோக்க வேண்டும். புதுத் துளை போட்டால் தோல், முத்திரைத்தாள் கிழிவதுபோல் அந்த வரிசையில் கிழிந்துவிடும்.

உறையை மாட்டுவதற்கு ஒரு யுக்தி உண்டு. உறையை இளஞ்சூட்டில் சற்று வைத்தால் இளகிக் கொடுக்கும். மெத்தையின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்திவிட்டால் உறை வழுக்கிக்கொண்டு ஏறும். முதலில் நடுவை நேராக வைத்து, பிறகு இடமும் வலமும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். ஒரே பக்கம் இழுத்தால் பைப்பிங் பாம்புபோல் நெளியும். பசை தடவும்போது அருகில் நெருப்பு இருக்கக் கூடாது. சுருட்டும் பீடியும் தூரத்தில் இருக்கட்டும்.

பிறகு காரில் பொருத்துவது. தண்டவாளத்தைத் துடைத்து கிரீஸ் இட வேண்டும். இரண்டு தண்டவாளமும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும்; இல்லையேல் இருக்கை நகராமல் சிக்கிக்கொள்ளும். கார்த் தளத்தில் துரு தின்றிருந்தால் முதலில் அதைச் சீர்செய்ய வேண்டும். உளுத்த தளத்தில் எவ்வளவு அழகான இருக்கையைப் பொருத்தினாலும், அவசரமாகப் பிரேக் போடும்போது அது பெயர்ந்து வந்துவிடும். போல்ட்டுகளை இறுக்கிய பின், இருக்கையை எல்லா நிலைகளிலும் தள்ளிப் பார்த்து, பூட்டு விழுகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். சில நாள் ஓடிய பிறகு மறுபடியும் ஒருமுறை இறுக்க வேண்டும். உயிர் இருக்கும் இடம் அது.

நேயர்களே, இவ்வளவும் எதற்காக? நம்மில் யாரும் எம்.ஜி.பி. வாங்கப் போகிறோமா? பெரும்பாலும் இல்லை. ஆனால் நம் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அதன் இருக்கை கிழிந்தால், மேலே ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறோம். மழைநீர் உள்ளே இறங்கி, நுரை ஊறி, அடித்தகடு துருப்பிடித்த பிறகு முழுவதையும் மாற்றுகிறோம். கிழிந்த அன்றே தைத்திருந்தால் சிறு செலவு, தள்ளிப்போட்டதால் பெருஞ்செலவு.

இன்னொன்றையும் பெற்றோருக்குச் சொல்ல விரும்புகிறோம். படிப்பு வரவில்லை என்று சொல்லப்படும் பிள்ளையை, ஒன்றுக்கும் உதவாதவன் என்று ஒதுக்கிவிடாதீர்கள். குஷன் வேலை ஒரு முழுத் தொழில். அளவெடுக்கக் கணக்கு வேண்டும். தோலையும் நூலையும் அறியப் பொருளறிவு வேண்டும். தைக்கக் கைப்பக்குவம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மறைந்திருக்கும் சட்டத்துக்கும் சாயம் பூசும் மனச்சாட்சி வேண்டும். அந்த மனச்சாட்சி தோட்டத்துப் பிள்ளைக்குப் புதிதா? யாரும் பார்க்காத இருட்டில், பட்டையைக் காயப்படுத்தாமல், மரத்துக்கு வலிக்காமல் கோடு இழுத்த கைகளின் பேரப்பிள்ளைகள் அல்லவா அவர்கள்? கணத்தில் ஒரு மயிரிழை ஆழமாகப் போனாலும் மரம் கெடும் என்று அறிந்த கைகள் அவை. அந்தக் கைக்கு ஊசியும் கத்தரிக்கோலும் எளிதில் வசப்படும். ஆண்பிள்ளைக்கு மட்டுமல்ல, தையல் தெரிந்த பெண்பிள்ளைக்கும் இது ஏற்ற தொழிலே.

நம் ரப்பர்த் தோட்டங்கள் பலவும் செம்பனைத் தோட்டங்களாகிவிட்டன. பல லயங்கள் இருந்த இடமும் தெரியவில்லை. பால் வெட்டிய பாட்டிக்கு யாரும் சிலை வைக்கவில்லை. ஆனால் எங்கோ ஒரு நாட்டில், ஒருவர் பழைய காரின் இருக்கையைப் பிரிக்கிறார். உதிராமல் மிஞ்சிய ஒரு துண்டு மெத்தையை விரலால் அழுத்துகிறார். அது மெல்ல எழும்பி வருகிறது. அதைச் செய்தவர் யார், அதற்குப் பால் கொடுத்தவர் யார் என்று அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். நம் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லி வைப்போம்.